ஒரு மணி நேரத்தில் யாழ்ப்பாணம்

"காபி கொடுப்பார்களா?" என்று விமானத்தில் ஏறியதும் ஏறாததுமாகக் கேட்டார் என் கணவர். நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் ஜன்னலோரம் நான். என் அருகில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள், மடியில் ஒரு பையை இறுக அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் உச்சிப்பிள்ளையார் கோயில் விபூதியாம்.

2025 மார்ச் கடைசியில் ஆரம்பமானது இந்தத் திருச்சி - யாழ்ப்பாணம் விமானம். நல்லூர் கந்தனைத் தரிசிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கிளம்பிவிட்டோம்.

தூரம் எவ்வளவு என்கிறீர்கள்? நேர்கோட்டில் 185 கிலோ மீட்டர்தான். திருச்சிக்கும் கோயமுத்தூருக்கும் இடையே காக்கை பறக்கிற தூரமும் ஏறக்குறைய இதேதான்! இந்தச் சிறிய விசிறி விமானம் மணிக்கு 500 கிலோ மீட்டர் போகுமாம். அப்படியானால் இருபத்திரண்டு நிமிஷம் போதுமே என்று நான் மனக்கணக்குப் போட்டேன். ஆனால் தரையில் ஊர்ந்து, மேலே ஏறி, வேகம் பிடிப்பதற்குள் இறங்கவும் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. மொத்தத்தில் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் 355 கிலோ மீட்டர், இதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை.

தஞ்சாவூர்ச் சீமையின் வயல்கள் போயின, கடல் வந்தது.

"திருச்சியில் யார் இருக்கிறார்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, பிள்ளை. தொண்ணூறில வள்ளத்தில வந்தவள். அம்மாவும் அவளோடதான் இருந்தவ."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாமே சொன்னார்.

"2010-ல அம்மா மோசம் போட்டா. சேதி வந்த உடன வெளிக்கிட்டன். ராத்திரி பஸ்ஸில கொழும்பு, அங்க விசாவுக்கு நிண்டு, பிறகு பிளேன். வந்து சேர நாலாம் நாள். காடாத்தும் முடிஞ்சிட்டுது."

காடாத்து என்றால் எலும்பு பொறுக்கிக் கரைப்பது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சாலை வழியே சுமார் 400 கிலோ மீட்டர். தெற்கே அவ்வளவு தூரம் போய், மறுபடி வடக்கே பறந்து வரவேண்டும். கொழும்பைவிடத் திருச்சிதான் அவருக்குக் கிட்டம்!

இத்தனைக்கும் நாங்கள் இறங்கப்போகும் பலாலி புதிய மைதானமல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படைக்காகப் போட்டது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. பின்னால் அயல்நாட்டு விமானங்கள் நின்றுபோயின. மறுபடி 2019 அக்டோபரில்தான் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். இடையில் எத்தனை பேருக்கு எத்தனை காடாத்து தவறிப்போயிற்றோ!

கீழே சிவந்த மண்ணும் பனைமரங்களும் தெரிந்தன. என் கணவர் கைக்கடிகாரத்தைத் திருக ஆரம்பித்தார்.

"மாத்த வேண்டாம் தம்பி, இஞ்சயும் அதே நேரம்தான்" என்று சிரித்தார் அம்மாள்.

இறங்கியதும் முதல் வேலையாகக் கைப்பேசியை எடுத்தார். தங்கை, விமானம் எழும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று திருச்சியில் வெளியிலேயே நின்றிருந்தாளாம்.

"நான் வந்திட்டன், பிள்ளை... என்ன? நீ இன்னும் பஸ்ஸுக்கு நிக்கிறியோ!"