கலப்பரிசி

டிசம்பர் பிறந்தாலே எனக்கு மேய்ப்பர்களுக்கும் சாஸ்திரிகளுக்கும் முந்தி யோசேப்புதான் நினைவுக்கு வருவார். நான்கு சுவிசேஷங்களிலும் அவர் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. மத்தேயுவில் நான்கு தடவை சொப்பனம் காண்கிறார். ஒவ்வொரு தடவையும் எழுந்து, சொன்னபடி செய்கிறார். எகிப்துக்குக்கூட இரவோடு இரவாகப் புறப்பட்டுவிட்டார். எத்தனை நாளைக்கு என்று தூதன் சொல்லவில்லை. மறு உத்தரவு வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் ஆச்சிக்கு வாய் ஓயாது. ஆனால் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி மூலையிலிருந்த தகர டப்பாவில் போடும்போது மட்டும் பேச்சு நிற்கும். பிடியரிசிக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஒரு வீட்டுப் பொன்னி, இன்னொரு வீட்டு ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் கலந்து கிடப்பதால் நல்ல விலைக்குப் போகாது. கோழிக்கென்று வாங்குகிறவர்களே அதிகம்.

குளம் பெருகாத ஒரு வருஷம் தாத்தா கேட்டார்: "கடன் வாங்குன அரிசியிலயுமாட்டீ?"

"போயி வெறகு எடுத்துட்டு வாங்க."

அதற்குமேல் விளக்கம் இல்லை. அந்த வருஷமும் நடுச்சாமத்தில் கேரல் ரவுண்டு வந்தபோது முதலில் கதவைத் திறந்தவள் அவள்தான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி, கருப்பட்டி போட்டு.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோக, நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. போனில் ஒரு சொந்தக்காரர், "உங்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறலியாமே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். எனக்குப் பதில் எழவில்லை. அடுத்த தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். எங்கள் வீட்டுப் படி உயரமாக இருந்ததற்குத்தான் ஸ்தோத்திரம் என்றால், அந்தத் தெருக்காரர்கள் சாட்சி சொல்ல எழுந்து நின்று எதைச் சொல்வார்கள்? ஆச்சி விளைந்ததா காய்ந்ததா என்று பார்த்து டப்பாவில் போட்டவள் இல்லை. யோசேப்பும் எகிப்தில் பிழைப்பு எப்படி என்று விசாரித்துவிட்டுக் கிளம்பவில்லை.

அந்த வாரம் எங்கள் கோவிலில் பிடியரிசி ஏலத்துக்கு வரவில்லை. வீடு நனைந்தவர்களுக்காக நேரே அண்டாவுக்குப் போயிற்று. பச்சரிசி குழைந்துவிட்டது; புழுங்கல் பாதி வேகவே இல்லை. பொங்கிய அத்தை கரண்டியை அண்டா விளிம்பில் தட்டித் தட்டி, "தனித்தனியா கொண்டாங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், எவ கேட்டா?" என்று வைதுகொண்டே ஒவ்வொருவர் தட்டிலும் குவித்துப் போட்டாள்.