இரவற் படலம்

யூபிலி மலருக்குக் கல்லூரி நினைவுகள் சிலவற்றை எழுதித் தருமாறு மலராசிரியர் பணித்தனர். நினைவுகளை எழுதப் புகுந்த நாம் கண்ணைப் பற்றியே எழுத வேண்டியதாயிற்று. எமது கல்லூரி நாட்களிற் பெரும்பகுதி எமக்குப் புகையினூடே கண்ட காட்சியாகவே நிற்கின்றது.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கினடியிற் படித்தோம். எழுத்துகள் மங்கித் தோன்றின. அது விளக்கின் குற்றமென்றே வீட்டார் கருதினர். பகலிற் கரும்பலகையும் அவ்வாறே தோன்றியதை நாம் எவருக்கும் சொல்லவில்லை. அருகிலிருந்த நண்பர் பலகையில் உள்ளதை மெல்ல வாசிப்பார்; கேட்டு எழுதிக்கொள்வோம். பந்து விளையாட்டிற் பந்து எம்மீது பட்ட பின்னரே அது வந்ததை அறிவோம். இவ்வாறு செவிவழி கற்றமையாற்போலும் தமிழாசிரியராயினோம்!

ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்திற்றான் கண்வைத்தியர் ஒருவரிடம் சென்றோம். அவர் முதலில் வினாவியது, "உங்கட அம்மாவும் ஐயாவும் சொந்தக்காரரோ?" என்பதே. எம் தந்தையார் தம் அம்மான் மகளையே மணந்தவர். இருவரிடமும் மறைந்திருந்த பழுதுற்ற பரம்பரை அலகு இரண்டும் எம்மிடம் வந்து கூடின என்றார் வைத்தியர். கருவிழிப் படலம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. இரத்தக் குழாய்கள் அற்றது. அதன் நார்கள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருத்தலாலேயே பளிங்காய் விளங்குகின்றது. அவ்விடைவெளியைப் பேணும் பொருளைச் செம்மையாக ஆக்கும் நொதியம் எமக்கு இல்லை. ஆதலின் ஆக்கப்படும் பொருள் பழுதுற்றுச் சாம்பல் நிற மேகமாகப் படலத்திற் படிகின்றது. 16ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள அவ்வலகு 2000ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டதாம்.

இதற்கு மருந்து இல்லை; பிறர் படலமே மாற்று. 1905இல் மொராவியாவின் ஒலொமௌக் நகரில் எட்வேர்ட் சேர்ம் என்பார் இச்சிகிச்சையில் முதன்முதல் வெற்றி கண்டார். 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கத்தை நிறுவிய எம் நாட்டிலிருந்து, 1964 தொடக்கம் அயல்நாடுகளுக்கும் கண்கள் சென்றன. எம் வலக்கண்ணுக்கு 2008இற் கொழும்பில் ஒரு படலம் கிடைத்தது. ஈந்தவர் யாரென அறியோம். அவர் மொழியும் சமயமும் அறியோம்.

கட்டு அவிழ்த்த சில நாட்களில் அன்னையாரின் முகத்தை உற்று நோக்கினோம். அவர் முதுமையடைந்துவிட்டதை அன்றே கண்டோம்.

தலைமயிரினும் மெல்லிய தையல்கள் ஓராண்டுக்குப் பின்னரே முற்றாக அகற்றப்பட்டன. அதுவரை படலத்தின் வளைவு சீராகாமையின் மூக்குக்கண்ணாடியை மும்முறை மாற்றினோம். மாணவர் நகைத்தனர்; நகைக்கட்டும்.

பதினைந்தாம் ஆண்டில், பரீட்சை விடைத்தாள் திருத்துகையில், விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தோன்றியது. உடல் அயற்படலத்தை ஏற்க மறுத்துவிட்டதோ என அஞ்சினோம். அது நேர்ந்தாற் கண் சிவக்கும், நோகும், பார்வை மங்கும். அன்றைக்கே வைத்தியரிடம் ஓடல் வேண்டும் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தோம். சிவப்பும் நோவும் இல்லை. எனினும் மறுநாட் காலையே சென்றோம். வைத்தியர் நெடுநேரம் பார்த்தார். "மாஸ்ரர், உடம்பு இதை மறுக்கேல்லை. உங்கட பழைய வருத்தந்தான் ஓரத்தாலை திரும்பி வருது" என்றார்.

எமது சொந்தக் கலங்கள் விளிம்பிலிருந்து இரவற் படலத்துள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் புகுந்தனவாம். புகுந்த இடத்திலும் தம் பழைய பழுதுற்ற பொருளையே ஆக்கினவாம். வந்த விருந்தினரின் வீட்டில் நாமே குடியேறி அதைப் புகையடித்தவாறு! அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. முன்பின் அறியாத ஒருவரின் கொடையை நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணமே மேகத்தினும் கனத்தது.

நடுப்பகுதி இன்னும் தெளிவாகவே உள்ளது. ஆறு திங்களுக்கு ஒருமுறை காட்டி வருகிறோம். மிக மங்கினால் மீண்டும் மாற்றலாமாம். ஆனால் அது இன்னொருவர் கண் அன்றோ! எமது படலமோ எவர் பார்வைக்கும் உதவாது. வாங்கிய கடனை அவ்வழியில் இறுக்க எமக்கு இயலாது.

சென்ற ஆண்டு எம் மனைவியார் கண்தானப் பத்திரத்தில் ஒப்பமிட்டார். படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். அதன் அடியிலிருந்த சிற்றெழுத்துகளை வலக்கண்ணாலேயே வாசித்தோம்.