துளைபடக் கட்டிய கப்பல்கள்

பல மாத காலம் சிரத்தையோடு கட்டிய கப்பலைக் கட்டியவரே தம் கையால் நீரில் இறக்கி, எதிரணி நண்பர்கள் அதை உருக்குக் குண்டுகளால் துளைப்பதற்கு மனப்பூர்வமாகச் சம்மதித்துக் கரையில் நிற்கிறார் என்று கேள்விப்பட்ட நாள் முதலாக, இதைச் செய்கிறவர்கள் எத்தகைய மனிதர்கள், அவர்களுடைய கைத்தொழிலின் நுட்பம் யாது என்று நேரில் கண்டறியும் ஆவல் எனக்கு இருந்துவந்தது. ரேடியோ அலைகளால் இயங்கும் சிறு போர்க்கப்பல்களைக் கட்டி மெய்யாகவே போரிடச் செய்யும் இந்த விநோதம் 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் உதித்தது. பிற்பாடு அந்நாட்டின் வேறு பல மாநிலங்களிலும், ஆஸ்திரேலியாவிலும் இதற்கென்றே சங்கங்கள் ஏற்பட்டன. பிறந்த மண்ணிலேயே அதைப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, கோடைகால வார இறுதி ஒன்றில் டெக்ஸஸுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

குளத்துக்குப் போகுமுன் பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டபடி, ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர் முதல் நாள் மாலை தம் வீட்டுக் கார் ஷெட்டுக்கு என்னை அழைத்துச் சென்றார். கார் நிற்க வேண்டிய இடத்தை ஒரு நீண்ட மேஜை அடைத்துக்கொண்டிருக்க, அதன்மேல் ஜெர்மானியரின் பிஸ்மார்க் கிடந்தது. இக்கப்பல்கள் யாவும் அசலில் 144-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பதும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவு வரையுள்ள காலத்துக் கப்பல்களாகவே இருக்க வேண்டும் என்பதும் இச்சங்கங்களின் ஆதார விதிகள். அதன்படி 251 மீட்டர் நீளமுள்ள பிஸ்மார்க் 174 சென்டிமீட்டராகக் குறுகியிருந்தது. நீளந்தான் 144-இல் ஒரு பங்கு. எடையோ 144-ஐ மும்முறை பெருக்கினால் வரும் தொகையால், அதாவது ஏறக்குறைய 30 லட்சத்தால் வகுபடுகிறது. சமுத்திரத்தில் சுமார் 50,000 டன் நீரை விலக்கிய அம்மகா யந்திரம் இங்கே 17 கிலோவுக்குள் அடங்கியாக வேண்டும். மோட்டார், பாட்டரி, பம்பு, வாயு சிலிண்டர், பீரங்கிகள், குண்டுகள் எல்லாம் அந்த 17 கிலோவுக்குள்ளேதான். சற்றே கூடினாலும் கப்பல் தாழ்ந்து, நீர்மட்டக் கோடு வரைபடத்தில் உள்ள இடத்தை விட்டு மேலே ஏறிவிடும்.

சுவரில் மாட்டியிருந்த வரைபடங்களில் ஒன்று எம்டனுடையது என்று கண்டதும் நான் அதன் அருகே போய் நின்றுவிட்டேன். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அந்தக் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனதையும், அதன் ஞாபகமாக உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு கல் பதித்திருப்பதையும் சொன்னபோது, அவர் மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொண்டு, அதைக் கட்டும் எண்ணம் தமக்கு நெடுநாளாக இருந்தும் கை வைக்கத் தயங்குவதன் காரணத்தை விளக்கினார். எம்டன் 118 மீட்டர் கப்பல். சுருக்கினால் 82 சென்டிமீட்டர், எடை சுமார் ஒன்றரைக் கிலோதான் வரும். அந்த ஒன்றரைக் கிலோவுக்குள் பீரங்கியும் பம்பும் வைத்து, அது நிமிர்ந்து மிதக்கவும் செய்ய வேண்டுமென்றால் கை மிகத் தேர்ந்திருக்க வேண்டும். பெரிய கப்பல் கட்டுவதற்குப் பணம் வேண்டும், சிறிய கப்பல் கட்டுவதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

உடலைக் கட்டும் கிரமம் நம் மரக்கலத் தச்சர்களுக்கு அந்நியமானதன்று. அடிமரமாகிய ஏராவின் மேல், ஒட்டுப்பலகையில் அறுத்த விலாச் சட்டங்களாகிய வங்குகளை வரிசையாக நிறுத்தி, மேல்தளத்தை இணைத்துவிட்டுப் பக்கங்களைத் திறந்தபடியே விடுகிறார்கள். அல்லது கண்ணாடி இழையில் வார்த்த உடலை வாங்கிப் பக்கங்களில் சன்னல் சன்னலாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அந்தத் திறப்புகளின்மேல் ஒட்டுகிற தோல்தான் விசேஷம். பால்சா மரத்தின் தகடு அது. கனம் ஓர் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவர் கொடுத்த ஒரு துண்டை விரலிடையே வைத்து நகத்தால் லேசாக அழுத்தினேன். பிறைபோல் பள்ளம் விழுந்துவிட்டது. வேறு சில சங்கங்களில் அசல் கப்பலின் கவசத்துக்குத் தக்கபடி இத்தோலின் கனமும் மாறுமாம். எவ்வாறாயினும் குண்டு பட்டால் துளை விழுந்தே தீர வேண்டும் என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை.

துளை விழும் என்பது நிச்சயமாகிவிட்டபடியால், கட்டுகிறவருடைய புத்தியெல்லாம் உள்ளே வரும் ஜலத்துக்கு வழி வகுப்பதில் செல்கிறது. பிஸ்மார்க்கின் மேல்தளத்தை அவர் தூக்கிக் காட்டியபோது, அடித்தளம் முழுவதையும் ரெசின் ஊற்றி உயர்த்தி, முன்னிருந்து பின்வரை நடுவில் மட்டும் இரண்டு விரற்கடை அகலத்தில் ஒரு வாய்க்கால் விட்டிருப்பதைக் கண்டேன். ஓடையின் சரிவு பம்பு இருக்கும் குழியை நோக்கியிருந்தது. "உள்ளே வந்த தண்ணீரைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது நினைத்த பக்கம் ஓடினால்தான் கவலை" என்றார் அவர். கப்பல் ஒரு பக்கம் சாய, தண்ணீரும் அப்பக்கமே ஓடி, அதன் பாரத்தால் கப்பல் மேலும் சாய்ந்து கவிழ்கிறது. பெரிய கப்பல்களை மூழ்கடித்த நியதியே இதுவும். நடு ஓடையில் கட்டுண்ட ஜலமோ கப்பலைச் சற்றுத் தாழ்த்துமேயன்றிச் சாய்ப்பதில்லை. பம்பு வேண்டிய மட்டும் இறைக்கலாகாது என்பதற்கும் விதி உண்டு. பெரிய கப்பலுக்குக்கூட நீர் வெளியேறும் வாய் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

பீரங்கியின் யந்திரம் எளிமையானது. 4.5 மில்லிமீட்டர் பால்ரஸ் குண்டு ஒன்று குழலின் அடியில் ரப்பர் வளையத்தில் அமர்ந்திருக்கிறது. கரையில் பொத்தானை அழுத்தியதும் சர்வோ ஒரு வால்வைத் திறக்க, கரியமில வாயு பின்னாலிருந்து தள்ளி, வளையம் இணங்கிக் கொடுத்த கணத்தில் குண்டு பாய்கிறது. அடுத்த குண்டு தானே இறங்கி அமர்கிறது. வாயுவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டைத் தாண்டாமல் ரெகுலேட்டர் காக்கிறது. ஆரம்ப காலத்தில் குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட ஃபிரியான் வாயுவையே இதற்கு உபயோகித்தார்கள் என்று அறிந்தேன். கண்ணுக்கு ஆபத்தான ஆயுதம் இது என்பதை எவரும் மறப்பதில்லை; மறுநாள் குளக்கரையில் பாதுகாப்புக் கண்ணாடி அணியாத ஒருவரும் நீரருகே நெருங்க அனுமதிக்கப்படவில்லை.

போர் நான் எண்ணியதைவிட வேகமாகவும் நெருக்கமாகவும் நடந்தது. நேச நாட்டு அணி ஒருபுறம், அச்சு நாட்டு அணி ஒருபுறமாகக் கப்பல்கள் வளைந்து வளைந்து, எதிரியின் பக்கவாட்டில் சில அடி தூரத்துக்குள் புகுந்து, பட்பட்டென்று சுட்டுவிட்டு விலகின. தூரத்திலிருந்து சுட்டால் குண்டு மேல்பாகத்தில்தான் படும்; நீர்மட்டத்துக்குக் கீழே துளைக்க வேண்டுமானால் அண்டிப் போயாக வேண்டும். அண்டிப் போனால் எதிரியின் குண்டும் அவ்விதமே படும். குண்டுகள் தீர்ந்தவர் ‘ஐந்து’ என்று உரக்கக் கூவ வேண்டும். கூவிய பின் ஐந்து நிமிஷம், திருப்பிச் சுட வகையின்றி, சுக்கானையும் வேகத்தையுமே நம்பி எதிரிகளிடமிருந்து தப்பித்திருந்தால்தான் கப்பலைக் கரையேற்றலாம். ஒரு மாலுமியின் திறமை அந்த ஐந்து நிமிஷத்தில் வெளிப்பட்டதுபோல் சுடுகிற நேரத்தில் வெளிப்படவில்லை என்றே நான் சொல்வேன்.

அன்று முதலில் மூழ்கியது, இளம் பெண் ஒருத்தி கட்டிய பிரிட்டிஷ் இன்வின்ஸிபிள். 120 சென்டிமீட்டர் நீளமுள்ள அக்கப்பல், பம்பின் நீர்த்தாரை மெலிந்து நின்றுபோனதும், பின்பக்கம் தாழ்ந்து மெதுவாக அமிழ்ந்தது. நூலில் கட்டிய மிதப்பு ஒன்று மேலே வந்து இடம் காட்டிற்று. அதை மூழ்கடித்த பிஸ்மார்க்கின் சொந்தக்காரரே இடுப்பளவு நீரில் இறங்கி, கப்பலை மிதப்பு நூலைப் பற்றித் தேடி எடுத்து, நீரை வடித்து, இரு கைகளாலும் ஏந்திக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். யுத்தத்தை விளையாட்டாக்குவது தகுமா என்ற சந்தேகம் எனக்கு இருந்ததை நான் அப்போது அவளிடம் மறைக்கவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, 1916-இல் ஜட்லாந்து போரில் அசல் இன்வின்ஸிபிள் வெடித்துச் சிதறியபோது 1,026 பேர் மாண்டார்கள், 6 பேரே பிழைத்தார்கள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, "இந்த எண்ணிக்கை தெரியாமல் நான் ஏராவை வெட்டத் தொடங்கவில்லை" என்றாள். ஒவ்வொரு வங்கையும் அசல் வரைபடத்தோடு ஒப்பிட்டு உப்புத்தாளால் இழைத்த அந்தக் கைகளைப் பார்த்த பிறகு, இறந்தவர்களை அவள் அலட்சியம் செய்கிறாள் என்று எண்ண என்னால் முடியவில்லை.

பிறகு காயங்களை எண்ணினார்கள். நீர்மட்டத்துக்கு மேலே விழுந்த துளைக்கு 10 புள்ளி, மட்டக் கோட்டிலேயே விழுந்ததற்கு 25, கீழே விழுந்ததற்கு 50. கப்பலைப் புரட்டி வைத்துக்கொண்டு அவளே விரலால் தடவித் தடவித் துளைகளைச் சொல்ல, எதிரணிக்காரர் எழுதிக்கொண்டார். அவர் பார்வைக்குத் தப்பிய ஒரு கீழ்த்துளையை அவளே காட்டி எழுதச் சொன்னாள். எழுதி முடிந்ததும் துளை ஒவ்வொன்றின் பிசிறையும் நீக்கி, துடைத்து உலர்த்தி, மெல்லிய திசுத்தாள் துண்டைப் பசை தடவி ஒட்டுகிற வேலை தொடங்கியது. இப்படி ஒட்டி ஒட்டி ஒரு பருவம் ஓட்டிய தோலைக் குளிர்காலத்தில் முழுவதும் உரித்துவிட்டுப் புதுத் தகடு போர்த்துவார்களாம்.

கப்பல் மூழ்கியதன் காரணம் பம்பைக் கழற்றியபோது தெரிந்தது. குண்டு பெயர்த்த பால்சாச் சிம்பு ஒன்று, அரிசி அளவுதான் இருக்கும், ஓடை வழியே வந்து பம்பின் வாயை அடைத்திருந்தது. லேத் தொழிலாளி தம் பெட்டியிலிருந்து பித்தளைக் கம்பி வலையில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். அதைக் கத்தரித்து, கிண்ணமாக வளைத்து, பம்பின் குழியைச் சுற்றி எப்படிப் பொருத்த வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது போருக்குக் கூப்பிட்டபோது வலை பொருத்தி முடிந்திருந்தது. அவள் இன்வின்ஸிபிளை நீரில் வைத்து, பம்பை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிஸ்மார்க் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று விசாரித்தாள்.