தறிச் சத்தத்தில் தூங்குவான்... மணிச் சத்தத்துக்கு ஓடுவான்! - ஆட்டிசம் சிறுவனிடம் ஒரு டீச்சர் படித்த பாடம்

மதியம் 12.40. சத்துணவுக்கு மணி அடிக்கப்போகிற நேரம். ராசிபுரத்துக்கும் வெண்ணந்தூருக்கும் இடையில் இருக்கும் அந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், மற்ற எல்லோருக்கும் அது சந்தோஷமான நேரம். 3-ம் வகுப்பு டீச்சருக்கு மட்டும் வயிற்றைப் பிசையும்.

மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் 'டங்' என்று முதல் அடி விழும். அடுத்த நொடி, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடுவான். குறுக்கே யார் இருந்தாலும் தள்ளிவிடுவான். பிடித்தால் கடிப்பான். டீச்சரின் வலது கையில் அந்தப் பல் தடம் இன்னும் இருக்கிறது.

பையனின் பெயர் இங்கே வேண்டாம். அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாக அரசு மருத்துவமனையில் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அதன் ஜெராக்ஸ் பள்ளி பீரோவில் பத்திரமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் கேட் திறந்திருந்தது. மணி அடித்ததும் ஓடியவன் நேராகத் தார் ரோட்டில் போய் நின்றுவிட்டான். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்த லாரி பத்தடி தள்ளி பிரேக் போட்டு நின்றது. டிரைவர் இறங்கித் திட்டியது எதுவும் டீச்சர் காதில் விழவில்லை. பையனை இழுத்து அணைத்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

உடனே அவன் அம்மாவுக்கு போன் போனது. விசைத்தறி ஓட்டுகிறவர். ஓடிய அளவுக்குத்தான் கூலி. அந்த மாதத்தில் மட்டும் அவர் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தது அது ஆறாவது முறை.

"ரெண்டு அடி போட்டாச்சும் உக்கார வைங்க டீச்சர். ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க. பள்ளிக்கூடம் வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

அடிக்கக் கூடாது என்பது டீச்சருக்குத் தெரியும். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எதைச் செய்யக் கூடாது என்பது தெரிந்த அவருக்கு, எதைச் செய்வது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர் ஆசிரியர் பயிற்சி முடித்த காலத்தில் ஆட்டிசம் என்ற சொல்லைக்கூட வகுப்பில் கேட்டதில்லை.

"வீட்லயே இருக்கட்டுங்கம்மா..."

அந்த அம்மா 'வேண்டாம்னு சொல்லிராதீங்க' என்றது டீச்சரை வேறு காரணத்துக்காகவும் சுட்டது.

பத்து வருடங்களுக்கு முன், வேறொரு ஊர்ப் பள்ளியில் இதேபோல ஒரு பையன் இருந்தான். பேச மாட்டான். கையை உதறிக்கொண்டே இருப்பான். மற்ற பிள்ளைகளின் நோட்டைக் கிழிப்பான். அவன் அம்மாவை உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, டீச்சர் பக்குவமாகத்தான் சொன்னார். "இவனை வெச்சுக்கிட்டு மத்த பிள்ளைங்களைப் பார்க்க முடியலைங்கம்மா. வீட்லயே இருக்கட்டும். பேரு ரிஜிஸ்டர்ல இருக்கும்."

அடுத்த நாளிலிருந்து அவன் வரவில்லை. வகுப்பு அமைதியானது. டீச்சருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இத்தனை வருடம் கழித்து முள்ளாகக் குத்தியது.

நாமக்கல் பக்கம் பிள்ளைகளின் படிப்பென்றால் மார்க்தான் பேச்சு. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்குக்காகவே வெளி மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்ப்பார்கள். முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடியாக இந்த ஊர்களுக்கு அந்தப் பெயர் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், மணிச் சத்தத்துக்கு ஓடுகிற பிள்ளைக்கு இடம் எங்கே என்று கேட்டவர்கள் குறைவு.

மூன்று கட்டம் போட்ட நோட்டு

லாரி சம்பவம் நடந்த அடுத்த மாதம், வட்டார வள மையத்தில் இரண்டு நாள் பயிற்சி. மாற்றுத்திறன் மாணவர்களுக்கான பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது. 'இன்னும் ஒரு பயிற்சி' என்ற சலிப்போடுதான் டீச்சர் போனார். டீயும் மிக்சரும் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பிய பயிற்சிகளை அவர் நிறையப் பார்த்தவர்.

நடத்தியவர் ஒரு சிறப்புப் பயிற்றுநர். வயதில் டீச்சரைவிடச் சின்னவர். "உங்க வகுப்புல யாராச்சும் கடிக்கறாங்களா, ஓடறாங்களா, கத்தறாங்களா?" என்று கேட்டார். டீச்சர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஓடறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுங்க மேடம்?"

டீச்சரிடம் பதில் இல்லை. ஓடிய பிறகு நடந்ததெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். முன்னால் நடந்ததைக் கவனித்ததே இல்லை.

அன்றைய பாடமே அதுதான். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு நடத்தைதான் பேச்சு. ஒரு பிள்ளை கத்துவதும் கடிப்பதும் பெரும்பாலும் நான்கில் ஒன்றுக்காக இருக்கும். பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க, பிறர் கவனத்தைப் பெற, வேண்டிய பொருள் கிடைக்க, அல்லது அந்தச் செயல் உடம்புக்குத் தரும் உணர்வுக்காக. எதற்காக என்று தெரிய, நோட்டில் மூன்று கட்டம் போட வேண்டும். முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் கிடைத்தது.

ஆட்டிசம் என்பது வளர்ப்பில் வந்த கோளாறு இல்லை என்பதையும் அங்கேதான் அழுத்தமாகச் சொன்னார்கள். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பிறகு பல வருடங்கள், பாசம் காட்டாத அம்மாக்களால்தான் இது வருகிறது என்று படித்தவர்களே பேசினார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா, 1964-ல் புத்தகம் எழுதி அதை மறுத்தார். இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆனாலும், 'செல்லம் கொடுத்தே கெடுத்து வெச்சிருக்கா' என்ற பேச்சு தறிக்குடோன் வாசல்வரை இன்னும் கேட்கத்தான் செய்கிறது. டீச்சரே அப்படி நினைத்தவர்தான்.

ஊருக்குத் திரும்பியதும் 40 பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டார். இரண்டு வாரத்தில் 14 முறை எழுதினார். ஒன்பது முறை, முன்னால் நடந்தது மணி. மூன்று முறை, கணக்கு நேரத்தில் திடீரென்று வேறு பாடம் நடத்தியது. மீதி இரண்டு முறைக்கு 'முன்னால்: ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார்.

பள்ளிக்கு வந்த சிறப்புப் பயிற்றுநர் அந்த இரண்டையும் வட்டம் போட்டார். "ஒண்ணுமில்லைனு எதுவும் கிடையாதுங்க மேடம். நமக்குத் தெரியலைனு எழுதுங்க."

அந்த இரண்டுமே திங்கட்கிழமை. அம்மாவிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை துவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. மகன் பளிச்சென்று போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அந்த மொடமொடப்பு பையனின் கழுத்தை நாளெல்லாம் அறுத்திருக்கிறது. கஞ்சி நின்றது. திங்கட்கிழமைக் கத்தலும் நின்றது.

தறி ஓடுகிற வீடு

மணிப் பிரச்னை மட்டும் புரியவில்லை. ஒரு சாயங்காலம் இருவரும் பையனின் வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து ஷெட்டில் நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காத சத்தம். சுவரோரம் பாய் விரித்து, பையன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"இந்தச் சத்தத்துல தூங்கறவன், நாலு மணி அடியைத் தாங்க மாட்டேங்கறானே!" என்றார் டீச்சர்.

சிறப்புப் பயிற்றுநர் விளக்கினார். "தறி ஒரே சீரா ஓடுது. அடுத்த சத்தம் எப்ப வரும்னு அவனுக்குத் தெரியும். மணி எப்ப விழும்னு தெரியாது."

ஆட்டிசம் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குத் தறிச் சத்தமே ஆகாது. ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவது பலருக்குப் பெரிய ஆறுதல். அதனால்தான் பட அட்டவணை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் வளர்த்தெடுத்த 'டீச்' என்ற முறை 1972 முதல் மாநிலம் முழுவதும் நடக்கிறது. அன்றைய நாளின் வேலைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி வரிசையாக வைப்பது அதில் முக்கியமான அம்சம்.

அதற்குப் பெரிய செலவெல்லாம் தேவைப்படவில்லை. பழைய காலண்டர் அட்டையில் ஆறு படங்கள். பிரார்த்தனை, தமிழ், கணக்கு, மணி, சாப்பாடு, விளையாட்டு. ஒவ்வொன்றும் முடிந்ததும் பையனே அந்தப் படத்தை எடுத்து டப்பாவில் போடுவான். 12.35 ஆனதும் டீச்சர் மணிப் படத்தைக் காட்டுவார். அவன் எழுந்து வெளியே போய், மணி அடிக்கும் அண்ணனைப் பார்க்கிற மாதிரி தள்ளி நிற்பான். கை மேலே போவது தெரிந்ததும் காதைப் பொத்திக்கொள்வான். சத்தம் முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போவான்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஓட்டம் இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. ஆண்டு விழா ஒத்திகையில் மைக் 'கீச்' என்று கத்தியபோது மறுபடியும் கடித்தான். வேறு சில பெற்றோர்கள், 'அவன் ஒருத்தனுக்கு மட்டும் தனியா படம், தனியா நேரம், எங்க பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?' என்று கேட்டார்கள். டீச்சர் அந்தப் பட அட்டவணையை வகுப்புக்கே பொதுவாகச் சுவரில் ஒட்டிவிட்டார். அடுத்து என்ன பாடம் என்று கேட்பதை மற்ற பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள்.

பெரிய குறை வேறு. சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்ற வேண்டியவர். டீச்சருக்குச் சந்தேகம் வருகிற நாளில் அவர் வேறு ஊரில் இருப்பார். இரண்டு நாள் பயிற்சி கதவைத் திறந்துவிடும். உள்ளே நடக்க, கூடவே ஓர் ஆள் வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, அதில் ஆட்டிசம் உண்டு. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. தொடக்கப் பள்ளிகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தப் பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

பத்து வருடம் தாமதமாக...

அரையாண்டு விடுமுறையில் டீச்சர் பழைய ஊருக்குப் போனார். அந்தப் பையனின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. அவனுக்கு இப்போது 18 தாண்டிவிட்டது. மீசை முளைத்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தான். டீச்சரை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தார். அவன் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்து, "நீங்க அன்னிக்கு நல்லவிதமாத்தானுங்க டீச்சர் சொன்னீங்க. எங்க தலையெழுத்து" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது டீச்சருக்கு.

"தப்பு என்மேலதாங்கம்மா. எனக்குத் தெரியலை. தெரிஞ்சுக்காமயே சொல்லிட்டேன்" என்றார்.

இலவசக் கல்வி உரிமைக்கான வயதை அவன் கடந்துவிட்டான். அந்த வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், 18 வயதுக்குப் பிறகு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாவலர் சான்று வாங்கவும் எங்கே விண்ணப்பிப்பது என்று, சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டு எழுதி வந்த தாளைக் கொடுத்தார். ஒரு தாள்தான். அதற்கும் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

கிளம்பும்போது, அவன் எப்போது கத்துவான் என்று கேட்டார். "காரணமே இல்லாம கத்துவானுங்க" என்றார் அம்மா. டீச்சர் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து, மூன்று கட்டம் போட்டுக் காட்டிவிட்டு வந்தார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம், தறி ஷெட்டுக்கு ஒரு போன் போனது. டீச்சர் நம்பரைப் பார்த்ததுமே அம்மா தறியை நிறுத்திவிட்டார். ரோடும் லாரியும்தான் கண் முன்னால் வந்தன.

"என்னாச்சுங்க டீச்சர்?"

"பயப்படாதீங்க. சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிடறப்ப என் கையைத் தொட்டு, முட்டைப் படத்தை எடுத்துக் காட்டினான். இன்னொண்ணு வேணுமாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"குடுத்தீங்களா டீச்சர்?"

"என் பங்கைக் குடுத்துட்டேங்கம்மா."