ஒலிநாடாவில் உறங்கிய அரும்பு

மறைந்தவர் விட்டுச்செல்லும் பொருள்களுள் எவை பேணத்தக்கவை, எவை குப்பைக்குரியவை என்று பிரிக்கும் பொறுப்பு, பெரும்பாலும் அதற்குத் தகுதியற்றவர் கையிலேயே வந்து சேர்கிறது. என் காக்கா விட்டுச்சென்ற இரண்டு ஒலிநாடாக்கள் என் பொறுப்பில் வந்து சேர்ந்ததும் அவ்வாறுதான். அவற்றுள் ஒன்றின் பெரும்பகுதியை என் அறியாமையால் நானே அழித்தேன். மற்றொன்று பிழைத்தது; அதில் எனக்குப் பங்கேதுமில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக அறியாதிருந்த அந்தத் தவற்றை இன்று எழுதுவதற்குக் காரணம், அதே தவறு வேறொரு வீட்டில் நிகழாதிருக்கட்டும் என்னும் எண்ணமே.

எங்கள் காயல்பட்டினத்துப் பிள்ளைகள் பலரையும்போல் காக்காவும் இளமையிலேயே சபர் புறப்பட்டவர். 1979 முதல் குவைத்தில் கணக்கர் வேலை பார்த்தார். 1987இல் அங்கே ஒரு வீட்டுக் கணிப்பொறியை வாங்கினார். வீட்டுக் கணிப்பொறி என்றால் இன்றைய வாசகர்களுக்கு விளக்க வேண்டும். தட்டச்சுப் பொறியின் விசைப்பலகை போன்ற ஒரு பெட்டி; அதைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்தால் அதுவே திரை. எழுதியவற்றைச் சேமிக்கச் சாதாரணப் பாட்டுக் கேசட்டே போதும். அக்காலத்தில் பொறிக்கொரு முறையென இருந்த குழப்பத்தைத் தீர்க்க, 1983இல் எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொதுத்தரம் ஜப்பானில் அறிவிக்கப்பட்டது. அத்தரத்தைக் கைக்கொண்டு அரபு மக்களுக்கான கணிப்பொறியை உருவாக்கியது, முஹம்மது அல்ஷாரிக் என்பார் 1982இல் குவைத்தில் தொடங்கிய அல்ஆலமிய்யா நிறுவனம். 'ஸக்ர்' என்று பெயரிடப்பட்ட அப்பொறியில் அரபு எழுத்துகள் திரையில் தோன்றியதோடு, பேசிக் என்னும் நிரல்மொழியின் கட்டளைகளையே அரபியில் எழுதவும் வழி செய்யப்பட்டிருந்தது.

காக்காவின் உள்ளத்தைத் தொட்டது இதுதான். அண்டை வீட்டு அரபுச் சிறுவன் தன் தாய்மொழியில் பொறிக்கு ஆணையிடுவதைக் கண்டவர், "நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஏன் கூடாது?" என்று எனக்குக் கடிதம் எழுதினார். அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் அவருடைய வெள்ளிக்கிழமைகள் அதற்கே ஆயின.

அவர் செய்ய முனைந்ததன் அருமையைப் பின்னர்தான் உணர்ந்தேன். அப்பொறியின் திரையில் ஓர் எழுத்தென்பது எட்டுக்கு எட்டாக அமைந்த 64 புள்ளிகள். 256 எழுத்துருவங்களுக்கு இடமுண்டு. ஒவ்வொன்றுக்கும் 8 எண்கள் வீதம் மொத்தம் 2,048 எண்கள். சதுரத்தாளில் கட்டம் போட்டு, எந்தப் புள்ளி எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று குறித்து, அதை எண்ணாக்கி, ஒவ்வொன்றாகப் பொறியின் நினைவகத்தில் இட வேண்டும். 'ண', 'ஞ' போன்ற அகன்ற எழுத்துகள் எட்டுப் புள்ளிக்குள் அடங்கா. அவற்றுக்கு இரண்டு கட்டங்கள் தேவை. இவ்வளவும் முடிந்தபின், நிரல் எழுத எஞ்சிய இடமோ ஏறத்தாழ 28,000 பைட்டுகளே.

அந்தச் சிற்றிடத்தில் அவர் குழந்தைகளுக்கென ஒரு குட்டி நிரல்மொழியை அமைத்தார். அதற்கு 'அரும்பு' என்று பெயர். திரையில் ஓர் எறும்பு நிற்கும். 'நட', 'திரும்பு', 'நில்' என ஒன்பது கட்டளைகளைத் தமிழில் எழுதினால், எறும்பு அவ்வாறே நடந்து, நடந்த கட்டங்களில் சுவடு பதிக்கும். ஊரிலிருந்த தம் மகளுக்கும் மகனுக்கும் விடுமுறையில் கொண்டுவந்து காட்டுவதே முதல் நோக்கம். பின்னர் பள்ளிகளுக்குப் பயன்படட்டும் என்று பம்பாயிலிருந்த ஒரு நிறுவனத்துக்கும் எழுதினார். அத்தகைய பொறி நம் நாட்டில் பரவலாக இல்லை, ஆதலின் வாங்குவோர் இரார் என்று மறுமொழி வந்தது. அதனால் அவர் சோர்ந்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு பாடங்களையும் எழுதி முடித்து, 1990 ஆகஸ்டு இறுதியில் ஊர் வருவதாக இருந்தார்.

ஆகஸ்டு 2ஆம் நாள் இராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. அதன்பின் நிகழ்ந்ததை நம்மவர் பலர் நேரில் அறிவர். பஸ்ரா, பக்தாத் வழியாக அம்மான் வரை சாலைப் பயணம், அங்கிருந்து விமானம். அவ்வாறு 1,70,000 பேர் அளவில் இந்தியர் தாயகம் திரும்பினர். காக்காவும் அவர்களுள் ஒருவர். கணிப்பொறியும் பதினோராண்டுச் சேமிப்பில் பெரும்பகுதியும் அங்கேயே போயின. சட்டைப்பையில் இரண்டு கேசட்டுகள் மட்டும் வந்தன. முதலாவதில் 'அரும்பு'; இரண்டாவதில் பாடங்கள். ஆனால் அவற்றை ஓட்டிக் காட்டப் பொறி இல்லை. சிறியதொரு எழுதுபொருள் கடை வைத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பிள்ளைகள் கேட்டால், "அந்தப் பெட்டி கிடைக்கட்டும், காட்டுகிறேன்" என்பார். 1996இல் வபாத்தானார்.

அடுத்த ஆண்டு, எங்கள் தெருவில் நிகழ்ந்த மீலாது விழாச் சொற்பொழிவைப் பதிவு செய்ய எனக்கு அவசரமாக ஓர் ஒலிநாடா தேவைப்பட்டது. டிரங்குப் பெட்டியில் அவ்விரண்டையும் கண்டேன். ஒன்றை ஓட்டிப் பார்த்தேன்; காதைக் கிழிக்கும் கீச்சொலி தவிர வேறொன்றுமில்லை. கெட்டுப்போன நாடா என்று எண்ணினேன். சொற்பொழிவை அதன்மேல் பதிந்தேன். பள்ளிக்கூட ஆசிரியனாகிய எனக்கு, அக்கீச்சொலியே காக்காவின் எழுத்து என்பது தோன்றவில்லை.

2022இல் காக்காவின் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தபோது, வீட்டைப் பழுதுபார்க்கப் பரணைக் காலி செய்தோம். மென்பொருள் துறையில் பணிபுரிபவன் அவன். எஞ்சியிருந்த முதல் நாடாவை ஓட்டியதும் அதே கீச்சொலி. எறியச் சொன்னேன். அவனோ அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "சாச்சா, இது கெட்ட நாடா இல்லை. இது வாப்பாவின் நிரல்" என்றான்.

அவன் விளக்கியதை நான் புரிந்துகொண்டவாறு சொல்கிறேன். கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டே. எம்.எஸ்.எக்ஸ். பொறி 0 என்பதை நொடிக்கு 1,200 முறை அதிரும் ஒலியின் ஓர் அலையாகவும், 1 என்பதை 2,400 முறை அதிரும் ஒலியின் இரண்டு அலைகளாகவும் நாடாவில் பதியும். அவ்வாறு நொடிக்கு 1,200 குறிகள். ஆகவே கீச்சொலியை ஒலியாகவே பிழையின்றி மீட்டுவிட்டால், அலைகளின் நீளத்தை அளந்து எழுத்துகளை மீட்டுவிடலாம்.

அது சொல்ல எளிது. கேசட்டினுள் நாடாவை ஒலிமுனையோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத்துண்டு கழன்று விழுந்திருந்தது. வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினான். பழைய டேப்ரிக்கார்டரின் ரப்பர் பட்டை தளர்ந்து வேகம் தடுமாறியது, அதையும் மாற்றினான். ஒலிமுனையின் சாய்வைச் சிறு திருகால் மயிரிழை மயிரிழையாகத் திருத்தினால்தான் கீச்சொலி தெளிவுற்றது. பிறகு ஒலியைச் சுருக்காமல் அப்படியே இன்றைய கணிப்பொறிக்குள் பதிந்தான். அழகுக்காக ஒலியைச் சுருக்கினாலோ வடிகட்டினாலோ அலைகளின் உருவம் சிதையும் என்றான். பழைய பொறியைப்போலவே நடிக்கும் மென்பொருளை உலகெங்கும் ஆர்வலர்கள் எழுதி இலவசமாக அளித்துள்ளனர். அதனுள் மீட்டதை இட்டோம். இரண்டு முறை பிழை என்றது. மூன்றாம் முறை, கோப்பின் பெயருக்கென அப்பொறி ஒதுக்கும் ஆறு இடங்களில் ஆங்கில எழுத்துகளில் 'அரும்பு' என்று வந்தது. சற்று நேரத்தில் திரையில் எறும்பு நின்றது.

காக்காவின் மனைவி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். மகன் 'நட' என்று தட்டினான். எறும்பு நடந்தது.

நிரலின் வரிகளைப் பட்டியலிட்டபோது, பொறி பொருட்படுத்தாது கடந்துசெல்லும் குறிப்பு வரிகளில் காக்கா தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதிவைத்திருந்தார். ஓரிடத்தில், 'ழ இன்னும் சரியாக வரவில்லை' என்று. மற்றோரிடத்தில், 'பிழை செய்தால் தவறு என்று காட்டாதே. மீண்டும் பார் என்று காட்டு' என்று. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் சிவப்பு மையால் 'தவறு' என்று எழுதிய எனக்கு அந்த வரி தைத்தது.

பின்னர் நான் எழுதி அழித்த இரண்டாவது நாடாவைக் கொண்டுவந்து வைத்து, நிகழ்ந்ததைச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொற்பொழிவு முடியும்வரை பொறுமையோடு ஓட்டினான். ஒரு பக்கம் 30 நிமிடங்கள் ஓடும் நாடா அது. சொற்பொழிவு 27 நிமிடங்களில் முடிந்திருந்தது. அதன்பின் மூன்று நிமிடங்கள் கீச்சொலி! பதினோராம் பாடத்தின் வால்பகுதியும், ஒவ்வொன்றையும் இருமுறை பதியும் காக்காவின் வழக்கத்தால் பன்னிரண்டாம் பாடம் முழுமையாக இருமுறையும் கிடைத்தன. ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியே தொடக்கக்குறியும் முடிவுக்குறியும் இருப்பதால் நடுவிலிருந்துகூடப் படிக்க முடிந்தது. முதல் பத்துப் பாடங்கள் போயின. அவற்றை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

இதன்பின் இத்தகைய மீட்புகளைப்பற்றித் தேடிப் படிக்கலானேன். பெரிய நிறுவனங்களின் படைப்புகளும் இதே விதிக்கு உட்பட்டவை என்று அறிந்து வியந்தேன். அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத்தில் டான் டென்மன் என்னும் பொறியாளர், மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கென 'மேக்பேசிக்' என்னும் நிரல்மொழியை ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கினார். அதே காலத்தில் ஆப்பிளின் பழைய கணிப்பொறிகளுக்கு உயிராயிருந்த பேசிக் மொழியின் உரிமை மைக்ரோசாஃப்ட் வசம் இருந்தது. அந்த ஒப்பந்தம் 1985 செப்டம்பரில் முடிவடைய இருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் மேக்பேசிக்கைக் கைவிட வேண்டும் என்று பில் கேட்ஸ் வற்புறுத்தினார். ஆப்பிள் இணங்கியது. ஒரே ஒரு டாலருக்கு அது கைமாறி முடக்கப்பட்டது. அச்செய்தி கேட்ட டென்மன் மனம் வெதும்பி மோட்டார் சைக்கிளில் வேகமாகப் புறப்பட்டு, விழுந்து சிராய்ப்புகளோடு திரும்பினார் என்று அவருடன் பணிபுரிந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியுள்ளார். ஆனால் சோதனைக்கென வெளியே சென்ற படிகள் கைக்குக் கை பரவிவிட்டன; அதைக் கற்பிக்கும் நூல்களும் வெளிவந்துவிட்டன. விற்பனைக்கே வராத அம்மொழியை இன்றும் இயக்கிப் பார்க்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் யாரோ சிலர் படியெடுத்து வைத்திருந்ததே.

படியெடுப்பதில் உரிமை பற்றிய வினா உண்டு. அதை அலட்சியம் செய்யலாகாது. பிறர் உடைமையைப் பிறர் உடைமையாகவே பேண வேண்டும். ஆயினும் பேணுவதற்கே ஒன்றும் எஞ்சாவிட்டால் உரிமை எதன்மேல்? உடையவர்களே இன்று மனமிரங்கி வருகின்றனர். தம் முதல் பேசிக் நிரலின் மூல வரிகளை 2025 ஏப்ரலில் பில் கேட்ஸ் வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், பழைய வீட்டுக் கணிப்பொறிகள் பலவற்றுக்கு அடிப்படையான பேசிக்கின் மூல வரிகளை மைக்ரோசாஃப்ட் எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது.

நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிய ஏடுகள் எத்தனை, படிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் கரையானுக்கு இரையாயின! படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்து வெறுங்கோடாகத் தெரிகிறது. கேட்கத் தெரியாதவனுக்கு நிரல் கீச்சொலியாகத் தெரிகிறது. ஏட்டுக்காவது நூற்றாண்டுகள் ஆயுள் உண்டு. நாடாவின் காந்தப்பூச்சு சில பத்தாண்டுகளிலேயே நலியத் தொடங்கும்.

'அரும்பு' இப்போது காக்காவின் மனைவியின் சம்மதத்தோடு நான்கு படிகளாக நான்கு வீடுகளில் இருக்கிறது. அசல் நாடாக்களையும் எறியவில்லை. நாளை இதனினும் நல்ல கருவி வரலாம். பன்னிரண்டாம் பாடத்தைக் காக்காவின் பேத்தி, ஏழு வயதினள், சென்ற விடுமுறையில் செய்து பார்த்தாள். வழிதவறிய எறும்பு வீடு சேர வேண்டும் என்பதே அப்பாடம். நான்கு முறை சுவரில் முட்டினாள். நான்கு முறையும் திரையில், எட்டுப் புள்ளிக் கட்டங்களில் அவளுடைய அப்பா கோத்த எழுத்துகளில், 'மீண்டும் பார்' என்று வந்தது. ஐந்தாம் முறை எறும்பு வீடு சேர்ந்தது. "முதல் பாடம் எங்கே?" என்று கேட்டாள். நான்தான் அழித்தேன் என்று அவளிடமும் சொன்னேன்.

வாசக அன்பர்களே! உங்கள் பரணிலும் பெட்டியிலும் சபராளிகள் கொண்டுவந்த நாடாக்கள் இருக்கக்கூடும். இரைச்சலாகக் கேட்டாலும் எறிய வேண்டாம். அவற்றின்மேல் பதியவும் வேண்டாம். அது என்னவென்று அறிந்தவர் உங்கள் வீட்டிலேயே வளர்ந்து வரக்கூடும். அதுவரை அது அமானிதம்.