மலைச் சைக்கிளும் மங்கையர் அளவும்

நம் வீட்டுப் பெண்ணுக்கு மலைச் சைக்கிள் வாங்கப் போனோம். கடைக்காரர் முதலில் காட்டியது ரோஜா வர்ணத்தைத்தான். வர்ணமா மலை ஏறப் போகிறது?

பார்க்க வேண்டியது அளவு. பாதங்களைத் தரையில் ஊன்றி நின்றால், குறுக்குக் கம்பிக்கு மேல் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். கைப்பிடி எட்டாத தூரத்தில் இருப்பின் தோளும் கழுத்தும் நோகும். ஆசனம், உட்காரும் எலும்புகளின் அகலத்துக்கு ஏற்றதாயிருத்தல் அவசியம். பிரேக் பிடியைத் திருகாணியால் விரலுக்கு அருகே கொணரலாம். காற்றடைத்த முன்கவையில், ஓட்டுபவரின் எடைக்குத் தக்கபடி காற்றைக் குறைக்காவிட்டால், மேடு பள்ளத்தில் அது அசைந்து கொடாது.

1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலக மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஜூலியானா ஃபுர்ட்டாடோ வாகை சூடினார். பெண்களால் இயலுமா என்ற ஐயம் அன்றே தீர்ந்தது. பொருந்தாத வண்டியைக் கொடுத்துவிட்டு, "உனக்கு ஓட்ட வராது" என்பது என்ன நியாயம்?