அம்மாவின் மஞ்சள் பை

மெல்பர்ன்



போன மாதம் ஒரு நள்ளிரவில் அம்மா தலைசுற்றிக் குளியலறையில் விழுந்துவிட்டார். நெற்றியில் ரத்தம். ஆம்புலன்ஸில் ஏற்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது உண்டா?"

"காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு மஞ்சள்." அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திருநெல்வேலியில் இருந்தவரை அம்மா துணிக்கடை மஞ்சள் பையில்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், எக்ஸ்ரே படம் எல்லாம் அதில் இருக்கும். அன்றைய அவசரத்தில் பை வீட்டிலேயே தங்கிவிட்டது.

டாக்டர் கணினிப் பக்கம் திரும்பினார். மை ஹெல்த் ரெக்கார்ட் என்ற தேசிய மருத்துவப் பதிவேட்டைத் திறந்தார். மருந்துக்கடை ஏற்றிவைத்த பட்டியலில் அபிக்ஸபன் இருந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து. உடனே தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் மங்கலாக ஒரு நிழல் தெரிந்தது. புதிதாகக் கசிந்த ரத்தமா, பழைய தழும்பா?

மூன்று மாதத்துக்கு முன்தான் ஒரு தனியார் மையத்தில் ஸ்கேன் எடுத்திருந்தோம். அந்த அறிக்கை பதிவேட்டில் இல்லை. அவர்கள் ஏற்றவே இல்லை. விடிந்து மையம் திறந்து, படம் வந்து சேர்ந்த பிறகுதான் அது பழையது என்று தெரிந்தது. அதுவரை மணிக்கு ஒருமுறை அம்மாவை எழுப்பிக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒரே பதிவேட்டில் மருந்துப் பட்டியல் இருந்தது அம்மாவைக் காத்தது. ஸ்கேன் இல்லாதது எங்களை ஓர் இரவு முழுக்க வதைத்தது.

இந்தப் பதிவேடு 2012இல் தொடங்கியது. விரும்புகிறவர்கள் சேரலாம் என்றார்கள்; சேர்ந்தவர்கள் குறைவு. வேண்டாம் என்று சொல்லாத எல்லோருக்கும் 2019இல் பதிவேடு திறந்தார்கள். அதற்கு முன்பே 25 லட்சம் பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. நோய் விவரம் போலீசுக்கோ வேலை கொடுப்பவருக்கோ போனால் என்ன ஆகும்? அந்த எதிர்ப்பால்தான் 2018 இறுதியில் சட்டம் இறுகியது: நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீசுக்குக் கிடையாது, அழிக்கச் சொன்னால் முழுதாக அழிக்க வேண்டும். பரிசோதனை, ஸ்கேன் அறிக்கைகளைத் தாமாகவே ஏற்றுவதை மையங்களின் கடமையாக்கும் சட்டம் 2025இல்தான் நிறைவேறியது. எங்களைப் போல விடியும்வரை காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ!

சட்டம் மட்டும் போதாது; மருத்துவமனைக் கணினிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும். 2011இல் அதற்கு வித்திட்டவர் இதே மெல்பர்னைச் சேர்ந்த கிரஹாம் கிரீவ். அந்தப் பொதுமொழிக்கு 'ஃபயர்' என்று பெயர். நோயாளி, மருந்து, ஒவ்வாமை, பரிசோதனை ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பொட்டலமாகக் கட்டி, எதில் எது இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. எந்த நிறுவனத்தின் மென்பொருளானாலும் அதைப் பிரித்துப் படிக்கலாம். இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டமும் இதே மொழியைத்தான் கையாள்கிறது. ஆக, வழி இருக்கிறது. கையிலிருக்கும் தகவல் நோயாளியுடையது என்று ஒவ்வொரு மருத்துவமனையும் மனதார ஒப்புக்கொள்வதுதான் பாக்கி.

வீடு திரும்பியதும் அம்மாவுக்கு அவருடைய பதிவேட்டைத் திறந்து காட்டினேன். எந்த மருத்துவமனை, எந்த நாளில் பார்த்தது என்று வரிசையாக இருந்தது. விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு எட்டிப் பாத்தாங்கன்னு நமக்குத் தெரியுதுல்லா, அப்போ சரி" என்றார். மஞ்சள் பையில் அவருக்கு இருந்த உரிமை அதுதான்: பை அவர் கையில் இருந்தது, அவர் எடுத்துக் கொடுத்ததைத்தான் டாக்டர் பார்த்தார்.

ஊரில் பெற்றோரை விட்டுவந்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்றே போன் செய்து அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும், ஒத்துக்கொள்ளாத மருந்தையும் எழுதி வாங்குங்கள். அவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண் இருந்தால், போகிற மருத்துவமனையில் அதைக் கொடுத்து அறிக்கைகளை இணைக்கச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அது போகாது. அதுவரை மஞ்சள் பையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றாவது கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மெல்பர்ன் தோழி